பட்டியல் புதிது, பொதி பழையது: ஆப்ட் பற்றிய ஓர் ஐயம்

கேள்வி: பள்ளி ஒன்றின் கணினி ஆய்வகத்தைக் கவனித்துக்கொள்கிறேன். 12 கணினிகளிலும் உபுண்டு 22.04 இருக்கிறது. நாள்தோறும் காலையில் முனையத்தைத் திறந்து, மென்பொருளை நிறுவவும் மேம்படுத்தவும் உதவும் ஆப்ட் கருவிக்கு ‘சூடோ ஆப்ட் அப்டேட்’ என்று கட்டளை கொடுக்கிறேன். பிழையின்றி ஓடி முடிகிறது. ஆனாலும் 87 பொதிகளை (மென்பொருள் கட்டுகளை) மேம்படுத்தலாம் என்ற கடைசி வரி குறைவதே இல்லை. காலையில் ஜிம்ப் படத்திருத்தி போன்ற எதையாவது நிறுவப் போனால், பூட்டு கிடைக்கவில்லை என்று வருகிறது. இணையத்தில் படித்துவிட்டு ஒருமுறை அந்தப் பூட்டுக் கோப்பை அழித்தேன். ஒரு கணினியில் மட்டும் ‘ரிலீஸ்’ கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை என்ற செய்தி வருகிறது. ஆப்ட் பழையதாகிவிட்டதுதான் காரணமா? அதைப் புதுப்பிக்கத் தனிக் கட்டளை உண்டா?

பதில்: கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன், முனையத்தில் அவற்றை வழக்கம்போல் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டச்சிட வேண்டும். முன்னால் வரும் ‘சூடோ’, கட்டளையை நிர்வாகி உரிமையோடு இயக்கச் சொல்வது.

நீங்கள் நாள்தோறும் செய்துவருவது, கடைக்குப் போய் விலைப்பட்டியலை மட்டும் வாங்கிக்கொண்டு வெறும் பையுடன் வீடு திரும்புவதைப் போன்றது. ‘ஆப்ட் அப்டேட்’ என்பது, பொதிகளைச் சேர்த்துவைத்திருக்கும் உபுண்டுவின் இணையக் களஞ்சியங்களில் இன்று எந்தப் பொதி எந்தப் பதிப்பில் இருக்கிறது என்ற பட்டியலை மட்டுமே இறக்கிவைக்கும். கணினியில் ஏற்கெனவே நிறுவியுள்ள மென்பொருளில் ஒன்றைக்கூடத் தொடாது. சரக்கைக் கொண்டுவந்து சேர்ப்பது ‘சூடோ ஆப்ட் அப்கிரேடு’ என்னும் அடுத்த கட்டளை. அப்டேட், அப்கிரேடு என்று காதுக்கு ஒன்றுபோலவே ஒலிக்கும் இரண்டு சொற்களை அடுத்தடுத்த வேலைகளுக்கு வைத்தவர்கள் மீது எனக்கு இன்றுவரை மனத்தாங்கல் உண்டு. புதிதாக வருபவர்களில் பாதிப் பேர் இடறுவது இங்கேதான்.

அப்கிரேடு கொடுத்ததும் என்னென்ன மாறப்போகிறது என்ற பட்டியலைக் காட்டி, ஆப்ட் உங்கள் சம்மதத்தைக் கேட்கும். ‘ஒய்’ விசையை அழுத்துமுன் அந்தப் பட்டியலின் கடைசி வரியை, குறிப்பாக எத்தனை பொதிகள் நீக்கப்படும் என்ற எண்ணை, படித்துவிடுங்கள். ‘ஆப்ட் அப்கிரேடு’ எதையும் நீக்காது என்பதால் அங்கே எப்போதும் 0 இருக்கும். ‘ஃபுல்-அப்கிரேடு’ அப்படியல்ல, தேவைப்பட்டால் பொதிகளை நீக்கியும் வழி செய்துகொள்ளும் என்பதால், பாடம் நடக்கும் ஆய்வகத்தில் அதை வழக்கமாக்க வேண்டாம்.

இத்தனைக்குப் பிறகும் நாலைந்து பொதிகள் நிறுத்திவைக்கப்பட்டுள்ளன என்று வரலாம். உபுண்டு சில மேம்பாடுகளை எல்லாக் கணினிகளுக்கும் ஒரே நாளில் அனுப்பாமல் படிப்படியாக விடுகிறது. எந்தக் கணினிக்கு எப்போது முறை வரும் என்பது அதனதன் அடையாள எண்ணை வைத்து முடிவாகிறது. ஆகவே ஒரே பொதி மூன்றாவது மேசைக் கணினிக்கு வந்து, நான்காவது மேசைக் கணினிக்கு வராமல் இருப்பது பிழையல்ல. வற்புறுத்தி நிறுவத் தேவையில்லை. சில நாளில் தானாக வந்துவிடும்.

இனி பூட்டு. ஒரே நேரத்தில் ஒரு செயல் மட்டுமே பொதிகளை மாற்றுமாறு காப்பது அது. உங்கள் கேள்வியில் எனக்குக் கவலை தந்தது இதுதான். உபுண்டுவில் பாதுகாப்புத் திருத்தங்களைத் தானாக நிறுவும் பின்னணிப் பணி ஒன்று இயல்பாகவே இயங்குகிறது. அதற்குக் குறித்த நேரம் காலை 6 மணியை ஒட்டியது. அந்த நேரத்தில் கணினி அணைந்திருந்தால், தவறிய வேலையை அது கணினியைத் திறந்தவுடன் செய்யத் தொடங்கும். நீங்கள் 9 மணிக்கு வந்து கணினியைத் திறந்து ஜிம்ப் நிறுவப் போகும்போது, அந்தப் பணி உள்ளே பாதி வேலையில் இருக்கிறது. பிழைச் செய்தியை முழுவதும் படித்தால், பூட்டை வைத்திருக்கும் செயலின் எண்ணும் ‘அன்அட்டெண்டட்-அப்கிர்’ என்று பாதியில் வெட்டப்பட்ட அதன் பெயரும் அதிலேயே இருக்கும். தேநீர் குடித்துவிட்டு வந்து மறுபடி கொடுத்தால் போதும்.

பூட்டுக் கோப்பை அழிப்பதால் பூட்டு திறப்பதில்லை. கோப்பு அங்கே இருப்பது பூட்டு அன்று. ஒரு செயல் அந்தக் கோப்பின் மீது இயக்குதளத்திடம் கேட்டு வாங்கியிருக்கும் உரிமைதான் பூட்டு. கோப்பை அழித்தால் முதல் செயல் பழைய கோப்பைப் பிடித்தபடியே இருக்க, உங்கள் கட்டளை புதிதாக ஒரு கோப்பை உண்டாக்கி அதைப் பிடித்துக்கொள்ளும். பிறகு இரண்டும் ஒரே நேரத்தில் பொதிகளின் பதிவேட்டில் எழுதத் தொடங்கினால், எது நிறுவப்பட்டது, எது பாதியில் நிற்கிறது என்பதே குழம்பிவிடும். நீங்கள் அழித்த கணினியில் ‘சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ’ என்றும், தொடர்ந்து ‘சூடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்’ என்றும் ஒருமுறை கொடுத்துப் பாருங்கள். முதல் கட்டளை எதுவும் சொல்லாமல் முடிந்தால், பாதியில் நிற்கும் பொதி இல்லை என்று பொருள். நிறுவும்போது மின்சாரம் போய்விட்டாலும் இதே இரண்டு கட்டளைகள்தான்.

ஆப்டுக்கெனத் தனிக் கட்டளை வேண்டுமா என்றால், வேண்டாம். ஆப்ட் என்பதும் ஒரு பொதிதான். 87 பொதிகளை மேம்படுத்தும்போது அதற்குத் திருத்தம் வந்திருந்தால் அதுவும் சேர்ந்தே மேம்படும். அதை மட்டும் முதலில் மாற்ற விரும்பினால் ‘சூடோ ஆப்ட் இன்ஸ்டால் --ஒன்லி-அப்கிரேடு ஆப்ட்’ என்று கொடுக்கலாம்.

அப்படி அவசரமாக மாற்ற வேண்டிய நாளும் வந்ததுண்டு. 2019 ஜனவரியில் ஆப்டிலேயே ஒரு பாதுகாப்புக் குறை வெளிப்பட்டது. அதன் பதிவெண் சிவிஇ-2019-3462. இறக்கும் முகவரியை வேறிடத்துக்கு மாற்றிவிடும் பதிலை ஆப்ட் சரியாகச் சோதிக்காமல் உள்ளே அனுப்பியதால், வலையில் நடுவே அமர்ந்திருக்கும் ஒருவர் அந்தப் பதிலுக்குள் ‘கோப்பு வந்துவிட்டது, சரிபார்ப்பு எண்ணும் சரி’ என்ற பொய்ச் செய்தியைச் செருகித் தம் பொதியை நிர்வாகி உரிமையோடு நிறுவச் செய்ய முடிந்தது. குறையுள்ள ஆப்டைக் கொண்டே அதன் திருத்தத்தையும் இறக்க வேண்டியிருந்ததால், அந்த ஒரு மேம்பாட்டுக்கு மட்டும் முகவரி மாற்றத்தை ஏற்காதபடி அணைத்துவிட்டு இறக்குமாறு, உபுண்டுவுக்கு அடிப்படையான டெபியன் இயக்குதளத்தின் குழு அறிவுறுத்தியது.

22.04 இருக்கும்வரை உங்கள் ஆப்ட் 2.4 என்ற வரிசையிலேயே நிற்கும். 2025இல் ஆப்ட் 3.0 வந்துவிட்டதே என்று புதிய வெளியீட்டின் களஞ்சிய முகவரியைப் பழைய கணினியின் பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள். அது தன்னோடு அடிப்படை நூலகங்களையும் இழுத்து வந்து அமைப்பையே கலைத்துவிடும். நீண்டகால ஆதரவு வெளியீடுகளில் முதன்மைப் பதிப்பு எண் மாறாமலே திருத்தங்கள் மட்டும் வந்துகொண்டிருப்பதுதான் நடைமுறை. 22.04க்கு வழக்கமான ஆதரவு 2027 வரை உண்டு என்பதால், அடுத்த கோடை விடுமுறையில் ‘டூ-ரிலீஸ்-அப்கிரேடு’ கட்டளையால் முழு வெளியீட்டையும் மாற்றத் திட்டமிடலாம்.

12 கணினிகளும் ஒரே பொதியைத் தனித்தனியே இறக்கினால் பள்ளியின் இணைய இணைப்பு தாங்காது. ஒரு கணினியில் ‘ஆப்ட்-கேச்சர்-என்ஜி’ என்னும் பொதியை நிறுவி, மற்றவை 3142 என்ற அதன் வாயில் (போர்ட்) வழியாக இறக்கும்படி அமைத்தால், முதல் கணினி கேட்டதை அது சேமித்துவைத்து மற்றப் பதினொன்றுக்கும் அங்கிருந்தே கொடுக்கும்.

கடைசியாக, ‘ரிலீஸ்’ செய்தி வரும் அந்த ஒற்றைக் கணினி. அதன் திரையில் தெரியும் தேதியைப் பாருங்கள். பெரும்பாலும் பின்தங்கியே இருக்கும். களஞ்சியத்தின் ‘ரிலீஸ்’ கோப்பில் அது உருவான தேதி கையொப்பத்தோடு பதிந்திருக்கிறது. கணினியின் கடிகாரம் அதற்கு முந்தைய நாளைக் காட்டினால், இனிமேல்தான் பிறக்கப்போகும் கோப்பை எப்படி நம்புவது என்று ஆப்ட் மறுத்துவிடுகிறது. தேதிச் சோதனையையே அணைத்துவிடும் வழியைச் சிலர் சொல்வார்கள், அது வேண்டாம். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுப் பெட்டியைத் திறந்தால், தாய்ப்பலகையில் நாணயம் போன்ற ஒரு மின்கலம் இருக்கும். பெரும்பாலான மேசைக் கணினிகளில் அது சிஆர் 2032. கைக்கடிகாரக் கடைகளிலும் கிடைக்கும். எழுத்துள்ள பக்கம் மேலே இருக்குமாறு புதியதைப் பொருத்தி, கணினி தொடங்கும்போது திறக்கும் பயாஸ் அமைப்பில் தேதியையும் நேரத்தையும் சரிசெய்துவிட்டு, ‘சூடோ ஆப்ட் அப்டேட்’ கொடுத்து, அது முடிந்ததும் இம்முறை ‘சூடோ ஆப்ட் அப்கிரேடு’ என்றும் கொடுங்கள்.