டிஃபரன்ஷியல் மூடியில் எண்ணெய்க் கசிவு

கேள்வி: செம்பனைக் குலை ஏற்றும் என் லோரியின் பின் டிஃபரன்ஷியல் (பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரப் பெட்டி) மூடி துருப்பிடித்துக் கசிகிறது. நானே மாற்றலாமா? (வாசகர், சுங்கை சிப்புட்)

பதில்: தாராளமாக மாற்றலாம், ஆனால் எண்ணெயை வடிக்கும் முன் ஊற்றும் துளையின் திருகு கழல்கிறதா என்று பாருங்கள், அது துருவில் இறுகிக் கிடந்தால் எண்ணெய் இல்லாமல் லோரி அங்கேயே நின்றுவிடும். சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். அப்புறம், பழைய சிலிக்கோன் பசையைத் துளிகூட விடாமல் சுரண்டித் துடையுங்கள். புது மூடி கசிவதற்குப் பெரும்பாலும் மிச்சமிருக்கும் பழைய பசைதான் காரணம். உள்ளே மெல்லிய இரும்புத் தூள் இருந்தால் பயமில்லை, பற்சக்கரத்தின் பல்துண்டு கிடந்தால் மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள். புதுப் பசை தடவி, புது மூடியைப் பொருத்தி, போல்ட்டுகளை எதிரெதிராக முடுக்குங்கள். பசை காய்ந்த பிறகு, கையேட்டில் சொன்ன கியர் எண்ணெயை (பல லோரிகளுக்கு 80டபிள்யூ-90 என்ற அடர்த்தி, ஜிஎல்-5 என்ற தரம்) துளையின் கீழ் விளிம்பு வரை ஊற்றுங்கள். ஆக்ஸிலின் (சக்கர அச்சின்) மேலுள்ள காற்றுத் துளையில் தோட்டத்துச் செம்மண் அடைத்திருந்தால் அதையும் சுத்தம் செய்யுங்கள், இல்லையென்றால் உள்ளே அழுத்தம் ஏறி எண்ணெய் மறுபடி வெளியே வரும்.