பெரிய ரிம் வாங்கும் முன் டயர் அளவை முடிவு செய்யுங்கள்

கேள்வி: டொராண்டோவில் இருக்கிறேன். 2013 மாடல் சயான் எஃப்ஆர்-எஸ் காரைப் பழையதாக வாங்கினேன். கம்பெனியிலிருந்து வந்தது 17 அங்குல ரிம், 215/45 ஆர் 17 டயர். அது காருக்குச் சின்னதாகத் தெரிகிறது. 18 × 8.5 அளவில், +35 ஆஃப்செட்டோடு ஒரு செட் ரிம் விலைக்கு வந்திருக்கிறது. 19 அங்குலமே போடலாம் என்கிறான் நண்பன். டயர் கடையில் 235/40 ஆர் 18 போடச் சொல்கிறார்கள். வேறொருவர், பழைய 45 என்ற எண்ணை மாற்றாமல் 225/45 ஆர் 18 போடு என்கிறார். எதைப் போடுவது? மட்கார்டில் உரசுமா? ஸ்பீடோமீட்டர் தப்பாகக் காட்டுமா?

பதில்: சுருக்கமாகக் கேட்டால், 225/40 ஆர் 18. ஆனால் அந்த ரிம்முக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் மீதியையும் படித்துவிடுங்கள். பலர் முதலில் ரிம்மை வாங்கிவிட்டு, அப்புறம் அதற்குள் எந்த டயர் நுழையும் என்று தேடுகிறார்கள். அதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும்.

45 என்ற எண்ணை மாற்றாதே என்று சொன்னவரிடமிருந்து தொடங்குவோம். 215/45 ஆர் 17 என்பதில் 215 டயரின் அகலம், மில்லிமீட்டரில். 17 ரிம்மின் விட்டம், அங்குலத்தில். நடுவில் இருக்கும் 45 மட்டும் ஒரு சதவீதம். டயரின் பக்கச்சுவர் எவ்வளவு உயரம் என்பதை அகலத்தின் சதவீதமாகச் சொல்கிறது. 215இல் 45 சதவீதம் என்றால் சுமார் 97 மி.மீ. ரிம்முக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு பக்கச்சுவர்களையும், 17 அங்குலத்துக்கான 431.8 மி.மீட்டரையும் கூட்டினால் முழு டயரின் விட்டம் 625 மி.மீ. வரும். உங்கள் காரில் பாதுகாக்க வேண்டிய எண் இதுதான். கியர் விகிதம், ஸ்பீடோமீட்டர், சக்கரக் குழியின் இடைவெளி எல்லாமே இந்த விட்டத்தை வைத்துத்தான் கணக்கிடப்பட்டிருக்கின்றன.

இப்போது அவர் சொன்ன 225/45 ஆர் 18ஐப் பாருங்கள். ரிம் ஓர் அங்குலம் ஏறிவிட்டது. அகலம் கூடியதால் அதே 45 சதவீதமும் 101 மி.மீ. ஆகிவிட்டது. மொத்தம் 660 மி.மீ., அதாவது ஐந்தரை சதவீதம் பெரிய சக்கரம். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது முன்பைவிட ஐந்தரை கி.மீ. கூடுதல் வேகத்தில் போய்க்கொண்டிருப்பீர்கள். இதை விட்டுவிடலாம்.

கடைக்காரர் சொன்ன 235/40 ஆர் 18 அவ்வளவு மோசமில்லை, ஆனாலும் 645 மி.மீ. வருகிறது. மூன்று சதவீதத்துக்கு மேல் போகாதே என்பது டயர் வேலை செய்பவர்களிடையே பொதுவான வழக்கம். இது அந்தக் கோட்டைத் தாண்டுகிறது. விட்டம் 20 மி.மீ. கூடினால் மட்கார்டுக்கும் டயருக்கும் உள்ள இடைவெளி 10 மி.மீ. குறையும். அதோடு அகலமும் கூடுகிறது. ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பும்போது முன்பக்கத்துப் பிளாஸ்டிக் உறையில் உரச எல்லா வாய்ப்பும் உண்டு. அது அதிகம் விற்கும் அளவு, கடையில் எப்போதும் கையிருப்பில் இருக்கும். அதனால்தான் சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

225/40 ஆர் 18 என்றால் 637 மி.மீ. பழையதைவிட இரண்டு சதவீதத்துக்கும் கொஞ்சம் குறைவான ஏற்றம். ஸ்பீடோமீட்டர்கள் பெரும்பாலும் உண்மையான வேகத்தைவிடச் சற்றுக் கூட்டியே காட்டுபவை. அந்தக் கூடுதல் இங்கே கொஞ்சம் கரையும், அவ்வளவுதான். இன்னும் நெருக்கமாகப் பழைய அளவைப் பிடிக்க வேண்டுமானால் 215/40 ஆர் 18 இருக்கிறது, 629 மி.மீ. உங்கள் காரின் அடுத்த தலைமுறையான ஜிஆர் 86இல் 18 அங்குல ரிம்மோடு டொயோட்டாவே போட்டுக் கொடுக்கும் அளவு அதுதான். 245/35 ஆர் 18 கூட விட்டத்தில் ஏறக்குறைய பழைய அளவுக்கே வரும், ஆனால் அந்த அகலம் 200 குதிரைத்திறன் காருக்கு அதிகம் என்பது என் கருத்து.

எந்த டயர் எந்த ரிம்மில் உட்காரும் என்பதற்கும் எல்லை உண்டு. 225/40 ஆர் 18க்கு ஏழரை முதல் ஒன்பது அங்குலம் வரை அகலமுள்ள ரிம் ஏற்றது. நீங்கள் பார்த்திருக்கும் எட்டரை அதற்குள் சரியாக விழுகிறது. 215/40க்கு எட்டரைதான் மேல் எல்லை. உட்காரும், ஆனால் பக்கச்சுவர் இழுபட்டு நிற்கும், ரிம்மின் விளிம்பு வெளியே தெரியும். ஒன்பதரை ரிம்மில் 215ஐ இழுத்துப் பிடித்துப் போடும் பாணி ஒன்று இருக்கிறது. படம் எடுக்க நன்றாக இருக்கும், குழியில் விழுந்தால் முதலில் அடிபடுவது ரிம்தான்.

இனி ஆஃப்செட். உரசுமா உரசாதா என்பதை டயர் அகலத்தைவிட இதுதான் அதிகம் தீர்மானிக்கிறது. ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, அது ஹப்பில் (காரில் சக்கரத்தை மாட்டும் நடுப்பகுதி) பொருந்தும் முகம் எவ்வளவு வெளிப்பக்கம் தள்ளி இருக்கிறது என்பதே ஆஃப்செட். எண் குறையக் குறையச் சக்கரம் வெளியே வரும். உங்கள் கம்பெனி ரிம் 17 × 7, +48. புது ரிம் ஒன்றரை அங்குலம், அதாவது 38 மி.மீ. அகலம் கூடியது. அதில் பாதியான 19 உள்ளே போகும், 19 வெளியே வரும். அதோடு ஆஃப்செட் 48இலிருந்து 35க்கு இறங்குவதால் இன்னொரு 13 மி.மீ. வெளியே நகரும். ஆக ரிம்மின் வெளி விளிம்பு 32 மி.மீ. வெளியே வரும், உள் விளிம்பு ஷாக் அப்சார்பர் பக்கம் 6 மி.மீ. மட்டுமே நெருங்கும்.

32 மி.மீ. என்பது மட்கார்டின் விளிம்போடு ஏறக்குறைய நேராக வந்து நிற்கும் நிலை. கார் கம்பெனி உயரத்திலேயே இருந்தால் 225/40 பெரும்பாலும் உரசாமல் ஓடும். ஸ்பிரிங்கைத் தாழ்த்தப் போகிறீர்கள் என்றால் அந்த உறுதி போய்விடும். மட்கார்டின் உள் மடிப்பை உருட்டி மடக்குவது, கேம்பரை, அதாவது சக்கரத்தின் பக்கவாட்டுச் சாய்வை மாற்றுவது என்று வேலை நீளும். நீங்கள் பழைய கார் என்கிறீர்கள், முந்தைய சொந்தக்காரர் ஏற்கனவே தாழ்த்தியிருக்கிறாரா என்று பாருங்கள். என் விருப்பத்தைக் கேட்டால் 18 × 8, ஆஃப்செட் +40க்கும் +45க்கும் நடுவில். வெளியே 16 முதல் 21 மி.மீ. மட்டுமே வரும், தலைவலி இல்லை. எட்டரைதான் வேண்டும் என்றால் +45 தேடுங்கள். அதில் உள் விளிம்பு 16 மி.மீ. ஷாக் அப்சார்பரை நெருங்கும், பொருத்திப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

நண்பர் சொல்லும் 19 அங்குலம் வேண்டாம். 225/35 ஆர் 19இன் விட்டம் 640 மி.மீ., கணக்குப்படி இரண்டரை சதவீதத்துக்குள்தான் வருகிறது. ஆனால் பக்கச்சுவர் 79 மி.மீ.க்கு இறங்கிவிடும். மார்ச், ஏப்ரலில் பனி உருகியும் உறைந்தும் டொராண்டோ சாலைகளில் குழி விழும் காலத்தில் அந்த 79 மி.மீ. ரப்பர்தான் உங்கள் ரிம்முக்கும் தாருக்கும் நடுவில் இருக்கும். எடையும் ஒரு பிரச்சினை. சக்கரம் பெரிதாகும்போது எடை நடுவிலிருந்து விலகி வெளி விளிம்புக்குப் போகிறது, அதைச் சுழற்ற எஞ்சின் கூடுதலாக உழைக்க வேண்டும். உங்கள் காரின் 2 லிட்டர் எஞ்சினுக்கு 4,000 ஆர்பிஎம்மை ஒட்டி டார்க்கில், அதாவது சுழற்றும் விசையில், ஒரு பள்ளம் உண்டு, ஓட்டியவர்களுக்குத் தெரியும். அங்கே கனத்த சக்கரத்தை அப்படியே உணர்வீர்கள். 18 வாங்கினாலும் விற்பவரிடம் ஒரு ரிம்மின் எடையைக் கேளுங்கள். சொல்லத் தயங்கினால் தராசில் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

இடையில் ஒன்று. இந்தக் காரைக் கம்பெனி குறுகிய டயரோடு விற்றது செலவை மிச்சம் பிடிக்க இல்லை. தலைமைப் பொறியாளர் தெட்சுயா டாடா, பிடிப்பு அதிகமில்லாத சாதாரண டயரை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தார். குறைந்த வேகத்திலேயே பின்பக்கம் மெல்ல வழுக்கி விளையாட வேண்டும் என்பது அவர் எண்ணம். ப்ரியஸ் டயர் என்று ரசிகர்கள் கேலி செய்ததெல்லாம் இதைத்தான். அகலமான, நல்ல பிடிப்புள்ள டயர் போட்டால் வளைவில் வேகம் கூடும், அந்த விளையாட்டு குறையும். எது வேண்டும் என்பது உங்கள் இஷ்டம். எதைப் போட்டாலும் நான்கு சக்கரத்துக்கும் ஒரே அளவு போடுங்கள். பின்னால் மட்டும் பெரிது போட்டால் முன்பின் மாற்றிப் போட முடியாது, விட்டமும் வேறுபட்டால் ஏபிஎஸ், ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் இரண்டும் குழம்பும்.

ரிம் பொருந்துவதில் இந்தக் காருக்கு ஒரு சிக்கல் உண்டு. பெயர்ப்பலகை சயான், பின்னர் டொயோட்டா, ஆனால் கட்டியது சுபாரு. அதனால் போல்ட் அமைப்பு 5×100, அதாவது 100 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் ஐந்து போல்ட். 5×114.3 ரிம் உட்காராது. டொயோட்டா கார்களில் வழக்கமாக வரும் எம்12×1.5 நட்டும் இதில் சேராது, எம்12×1.25 வேண்டும் (கடைசி எண் மரைகளுக்கு நடுவிலான இடைவெளி, மில்லிமீட்டரில்). டொயோட்டாதானே என்று கராஜில் பழைய பெட்டியிலிருந்து நட்டை எடுத்து ஏர் கன்னால் ஏற்றினால் ஸ்டட்டின் மரை போய்விடும். நடுத்துளை 56.1 மி.மீ. வெளிக் கம்பெனி ரிம்களில் துளை பெரும்பாலும் பெரிதாக இருக்கும். அந்த இடைவெளியை அடைக்க ஹப் ரிங் போடாவிட்டால் நெடுஞ்சாலையில் ஸ்டியரிங் நடுங்கும்.

டயரில் அளவுக்குப் பின்னால் வரும் எண்ணையும் எழுத்தையும் பாருங்கள். கம்பெனி டயர் 87 டபிள்யூ. 87 என்றால் ஒரு டயர் 545 கிலோ தாங்கும், டபிள்யூ என்றால் மணிக்கு 270 கி.மீ. வரை. புது டயரின் எண் 87க்குக் கீழே போகக்கூடாது. 225/40 ஆர் 18 பெரும்பாலும் எக்ஸ்.எல். வகையில் (கூடுதல் எடை தாங்கும் டயர்) 92 என்றே கிடைக்கும், அதில் கவலை இல்லை. 215/40 எடுத்தால் 85, 89 என இரண்டு விதம் கிடைக்கும், 89ஐ எடுங்கள். அதுவும் எக்ஸ்.எல். வகை என்பதால் அதே எடையைத் தாங்க இரண்டு மூன்று பிஎஸ்ஐ காற்று கூடுதலாக வேண்டும்.

17 அங்குல ரிம்மை விற்றுவிடாதீர்கள். அதில் 215/45 ஆர் 17 விண்டர் டயர் ஏற்றி வைத்தால் குளிர்காலப் பிரச்சினை முடிந்தது. வெப்பநிலை 7 டிகிரிக்குக் கீழே போனால் கோடை டயரின் ரப்பர் இறுகிப் பிடிப்பை இழக்கும், பனி இல்லாத சாலையிலும்தான். பின்சக்கரத்தால் ஓடும் காரில் இது விளையாட்டில்லை. ஒன்டாரியோவில் விண்டர் டயர் கட்டாயமில்லை, ஆனால் 2016 முதல் விண்டர் டயர் போட்டவர்களுக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் தள்ளுபடி தர வேண்டும் என்பது விதி. தள்ளுபடி கேட்கப் போன் செய்யும்போதே ரிம் மாற்றியதையும் சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, டயர் ஏற்றிய ரிம்மைக் கடையில் திரும்ப எடுக்க மாட்டார்கள். ஆகவே முதலில் வெறும் ரிம்மை முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று மாட்டி, பிரேக் காலிப்பரிலும் ஷாக் அப்சார்பரிலும் படாமல் சுழல்கிறதா என்று பாருங்கள். டயர் ஏற்றிய பிறகு பின் சீட்டில் இரண்டு பேரை உட்கார வைத்து (அந்தச் சீட்டில் உட்காரச் சம்மதிப்பவர்கள் கிடைத்தால்), ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பியபடி வீட்டு டிரைவ்வேயின் சரிவில் மெல்ல ஏறி இறங்குங்கள். உரசல் இருந்தால் அங்கேயே சத்தம் கேட்கும். நட்டுகளை டார்க் ரெஞ்சால் 120 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கச் சொல்லுங்கள், 100 கி.மீ. ஓடியதும் ஒருமுறை மறுபடி சரிபாருங்கள்.