மைக் ஏன் 'ஸ்ஸ்ஸ்'னு இரையுது? வேலூர் பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பி: அண்ணா, எங்க ஆயா பாடுற ஒப்பாரியை கண்டன்சர் மைக்கில் பதிவு பண்ணேன். அவங்க மூச்சு வாங்க நிறுத்துற இடத்துல எல்லாம் 'ஸ்ஸ்'னு கேட்குது. மைக் கெட்டுப்போச்சா?

கெடலை தம்பி. சத்தமே இல்லாத இடத்திலும் மைக் தானாகக் கொஞ்சம் இரையும். காற்றின் மூலக்கூறுகள் டயாஃப்ரத்தில், அதாவது மைக்கில் சத்தம் பட்டு அதிரும் மெல்லிய சவ்வில், ஓயாமல் மோதுகின்றன, உள்ளே சர்க்யூட்டில் எலக்ட்ரான்கள் சூட்டில் அலைகின்றன. அந்தச் சூட்டு இரைச்சலைப் பற்றி பெல் ஆய்வுக்கூடத்து ஜான்சனும் நைக்விஸ்டும் 1928-லேயே எழுதிவிட்டார்கள். ஸ்பெக்கில் 'செல்ஃப் நாய்ஸ்' என்று போட்டிருப்பது இதைத்தான். ரோட் என்டி1-ஏ மைக்குக்கு 5 டிபி-ஏ (நம் காதுக்குக் கேட்கும் விதத்தில் அளந்த டெசிபல்), நாய்மன் யு87 ஏஐ மைக்குக்கு 12. எண் குறையக் குறைய நல்லது.

புது மைக்குக்குக் காசு போடுவதற்கு முன்னால், ஆயாவுக்கும் மைக்குக்கும் எவ்வளவு தூரம் என்று பார். நாலடியை ரெண்டடி ஆக்கினால் குரல் சுமார் 6 டெசிபல் ஏறும். மைக்கின் இரைச்சல் ஏறாது. நாய்ஸ் ரிடக்‌ஷனை மட்டும் அழுத்திப் போடாதே, இரைச்சலோடு விம்மலும் போய்விடும். ஒப்பாரிக்கு அந்த விம்மல்தான் உயிர்.

காட்பாடி: இரைச்சல் மைக்கோடதா, ரூமோடதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

நடுராத்திரி, ரயில் சத்தம் ஓய்ந்த நேரத்தில் ஃபேனை அணைத்துவிட்டு, மைக்கை ரஜாயில் சுற்றி பீரோவில் புடவை அடுக்குக்கு நடுவே வைத்து ஒரு நிமிஷம் பதிவு பண்ணுங்கள். 'உர்ர்' போய்விட்டால் அது ரூம். அப்போதும் ஒரே சீராக 'ஸ்ஸ்' இருந்தால் மைக் அல்லது அதன் சிக்னலைப் பெருக்கும் ப்ரீஆம்ப்.

ராணிப்பேட்டை: ஒண்ணுல செல்ஃப் நாய்ஸ் 14, இன்னொண்ணுல சிக்னல் டு நாய்ஸ் 80. எது நல்லது?

ரெண்டும் ஒன்றுதான். சிக்னல் டு நாய்ஸை 94 டெசிபல் சத்தத்தை வைத்துக் கணக்கிடுவார்கள். 94-இல் 14 போனால் 80.

ஆரணி: தெருக்கூத்து பதிவு பண்ண 5 டிபி-ஏ மைக் வேணுமா அண்ணா?

வேண்டாம்மா. முகவீணையும் மிருதங்கமும் எழும்பும் இடத்தில் 20 டிபி-ஏ இரைச்சல்கூடக் காதில் விழாது. எவ்வளவு பெரிய சத்தத்தை உடையாமல் தாங்கும் என்று பார்த்து வாங்கு.

வேலூர்: டைனமிக் மைக்குக்கு செல்ஃப் நாய்ஸே போடலை. அமிர்தி காட்டுல பறவைச் சத்தம் எடுக்க அதைக் கொண்டு போகலாமா?

வேண்டாம். அதன் உள்ளே இருக்கும் கம்பிச் சுருளும் இரையும். அதைவிட, அது தரும் சிக்னல் ரொம்பச் சின்னது. ஒரே சத்தத்துக்கு ஷுர் எஸ்எம்7பி சுமார் 1 மில்லிவோல்ட் கொடுத்தால், என்டி1-ஏ 25 கொடுக்கும். பறவைக்காக கெய்னை (சிக்னலைப் பெருக்கும் அளவை) முழுசாகத் திருப்பினால் ப்ரீஆம்ப் இரைச்சலும் சேர்ந்து ஏறும். செல்ஃப் நாய்ஸ் 10-க்குள் இருக்கும் கண்டன்சரை இரவல் வாங்கியாவது எடுத்துப் போங்கள். மைக்கில் காற்று அடிக்காமல் தடுக்கும் விண்ட்ஷீல்டையும் மறக்காதீர்கள்.