ஏக்கருக்கு ஒரே அளவு நேரம் என்றால் நியாயமா?

திருத்துறைப்பூண்டி நண்பருக்கு,

"முறைத்தண்ணீர் ஏக்கருக்கு ஒரே அளவு நேரம், இதைவிட சமத்துவம் என்ன?" என்று, வாய்க்காலில் முறைவைத்துத் தண்ணீர் விடுவதைப் பற்றி, அதன் தொடக்கத்தில் வயல் வைத்திருக்கும் தலைமடைக்காரர்கள் கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் சமமாக்குவது நேரத்தை. பயிர் குடிப்பது தண்ணீரை. வழியில் கசிந்து, வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடைக்கு அதே நேரத்தில் குறைவாகவே வரும்.

அமெரிக்கத் தத்துவஞானி ஜான் ரால்ஸ் 1971இல் விளக்கிய அறியாமைத் திரையை முன்வையுங்கள். தன் வயல் தலைமடையா கடைமடையா என்று தெரியாமல் விதி எழுதச் சொன்னால், கசிவை யாரும் கணக்கில் சேர்க்காமல் விடமாட்டார்கள். (அவர் பேசியது சமூகத்தின் அடிப்படை அமைப்பை. வாய்க்காலுக்கு இது ஒரு சோதனை மட்டுமே.)

ஆனால் கணக்கில்லாமல் கூட்டத்துக்குப் போகாதீர்கள். உதாரணமாக, வாரத்துக்கு 168 மணி. வாய்க்கால் நிரம்ப 18 மணி பிடித்தால் அது பொதுச் செலவு, முதலில் கழியுங்கள். மீதி 150; நூறு ஏக்கருக்கு ஒன்றரை மணி வீதம். அடுத்து, நேரான 20 மீட்டரில் மிதவை விட்டு வேகம் பாருங்கள், அதை 0.85ஆல் (மேல்மட்ட வேகம் சராசரியைவிட அதிகம் என்பதால்), பிறகு அகலம், ஆழத்தால் பெருக்குங்கள்; ஓடும் நீரின் அளவு கிடைக்கும். தலையிலும் கடையிலும் அளக்க வேண்டும். கடையில் 80 விழுக்காடே வந்தால் அங்கே நேரம் 1.25 மடங்கு, மொத்தம் 150க்குள் அடங்க எல்லார் பங்கும் ஒரே விகிதத்தில் குறையும். அளக்கும்போது இடையில் ஒரு மடை திறந்திருந்தாலும் அந்தத் தண்ணீர் கசிவாகப் பதிவாகி, உங்கள் வாதமே விழுந்துவிடும்.

"பாட்டன் காலத்து உரிமை" என்பார்கள். உரிமையையே மையமாக வைத்த தத்துவஞானி ராபர்ட் நோசிக் கூட, ஒருவர் எடுப்பதால் மற்றவர் நிலை மோசமாகக் கூடாது என்று நிபந்தனை வைத்தார். அதை அவர்களிடம் கேளுங்கள்.