ஸ்லேட் முன்பதிவு: வைத்திருக்கலாமா, விட்டுவிடலாமா?

ஸ்லேட் என்ற அமெரிக்க மின்சார பிக்அப் வண்டிக்கு முன்பதிவாக 50 டாலர் கட்டிவிட்டு, இரண்டு பிள்ளைகளோடு சரிப்பட்டு வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். முன்பதிவை விடாதீர்கள் நண்பரே, கேட்டால் அந்தப் பணம் திரும்பக் கிடைக்கும். ஆனால் இருக்கிற காரை இப்போதே விற்க வேண்டாம். 20,000 டாலருக்குள் என்று முதலில் பேசப்பட்ட விலை, மின்சார வண்டிகளுக்கு அமெரிக்க அரசு தந்த 7,500 டாலர் வரிச்சலுகையைக் கழித்துச் சொன்னது. அந்தச் சலுகை 2025 செப்டம்பர் 30-உடன் முடிந்துவிட்டது, அதனால் அந்த விலையை இனி நம்ப முடியாது.

அடிப்படை வண்டியில் இரண்டே இருக்கைகள், கையால் சுற்றி இறக்கும் கண்ணாடி, ஸ்டீரியோகூடக் கிடையாது. பிள்ளைகளுக்குப் பின்னிருக்கை வேண்டுமென்றால் வண்டியை எஸ்யூவியாக மாற்றும் பாகங்களின் தொகுப்பான எஸ்யூவி கிட்டைத் தனியாக வாங்க வேண்டும். பாதுகாப்புக் கூண்டும் கூடுதல் ஏர்பேக்குகளும் அதோடுதான் வரும். உங்களுக்கு அது கட்டாயச் செலவு, முதலிலேயே கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

நிறத்தைப் பற்றி இப்போது யோசிக்கவே வேண்டாம். சாம்பல் பிளாஸ்டிக் உடம்பு, பெயின்டே இல்லை. பிடித்த நிறத்தில் உறையைப் பிறகு நீங்களே ஒட்டிக்கொள்ளலாம். நான் காத்திருப்பதே அதற்காகத்தான்!