தொழிற்சாலை டீசல் லோகோக்கள் பாரம்பரிய ரயில்பாதைக்கு வரும்போது: கேள்வி பதில்

பிரிட்டனின் தொழிற்சாலைகளிலும் நிலக்கரிச் சுரங்கங்களிலும் கற்குவாரிகளிலும் சரக்கு வேகன்களை இழுத்துச் சேர்த்துக்கொண்டிருந்த சிறிய டீசல் லோகோக்கள் பல, அங்கு வேலை முடிந்ததும், தன்னார்வலர்கள் நடத்தும் பாரம்பரிய ரயில்பாதைகளில் வந்து இறங்கியிருக்கின்றன. அவற்றைக் குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி (திருச்சி, கல்லூரி மாணவர்): பாரம்பரிய ரயில் என்றாலே நீராவிதான் நினைவுக்கு வருகிறது. அங்கே பழைய டீசல் லோகோவுக்கு என்ன வேலை, ஐயா?

பதில்: பிரிட்டனில் தன்னார்வலர்கள் தாங்களே பொறுப்பேற்று ரயில் ஓட்டிய முதல் ஸ்டாண்டர்டு கேஜ் (வழக்கமான முழு அகல) பாதை, லீட்ஸ் நகரிலுள்ள மிடில்டன் ரயில்வே. 1960 ஜூன் 20 அன்று அங்கே ஓடிய முதல் பயணிகள் ரயிலை இழுத்தது ஒரு டீசல் லோகோதான். நீராவிக்குப் பெயர்போன புளூபெல் ரயில்வே அதற்கு ஏழு வாரங்கள் கழித்து, ஆகஸ்ட் 7 அன்றுதான் சசெக்ஸில் தொடங்கியது.

மிடில்டன் சாதாரணப் பாதை அன்று. நாடாளுமன்றச் சட்டத்தின் அனுமதியோடு அமைந்த முதல் ரயில்பாதை அதுவே; ஆண்டு 1758. லோகோவின் பற்சக்கரம் தண்டவாளத்தின் பற்களில் கோர்த்து ஓடும்படி ஜான் பிளென்கின்சாப் வகுத்த பல்தண்டவாள முறையில் மேத்யூ மர்ரே கட்டிய ‘சலமான்கா’ என்ற நீராவி லோகோ 1812-இல் அங்கேதான் நிலக்கரி இழுத்தது. நீராவி லோகோ வணிக அளவில் வெற்றி பெற்ற முதல் இடமும் அதுதான். நீராவிக்கு இவ்வளவு உரிமையுள்ள பாதை தன் இரண்டாம் வாழ்வை டீசலோடு தொடங்கியது என்பதை நான் எங்கும் அழுத்திச் சொல்வேன்.

அந்த லோகோ, ஹன்ஸ்லெட் நிறுவனம் 1932-இல் லீட்ஸிலேயே கட்டிய 1697 எண்ணுடையது. பிரிட்டிஷ் தொழிற்கண்காட்சியில் வைக்கப்பட்டு, பின்னர் எல்எம்எஸ் (லண்டன், மிட்லண்ட் அண்டு ஸ்காட்டிஷ்) ரயில்வேயில் 7401 என்றும் அதன்பின் 7051 என்றும் எண் பெற்றது. இன்று அதன் பெயர் ‘ஜான் ஆல்காக்’. அது இழுத்த பெட்டி, அதே ஆண்டு ஜனவரியில் மூடப்பட்ட ஸ்வான்சீ–மம்பிள்ஸ் பாதையிலிருந்து வந்த இரட்டை அடுக்கு டிராம். அந்த டிராம் பின்னாளில் சேதப்படுத்தப்பட்டு அழிந்தது, லோகோ தப்பியது.

கேள்வி (குன்னூர்): எங்கள் மலை ரயிலில் குன்னூரிலிருந்து ஊட்டிக்கு டீசல் லோகோ மாட்டியதும் பயணிகளின் முகம் வாடுகிறது. அங்கேயும் அப்படித்தானா?

பதில்: அங்கேயும் அப்படித்தான், சீட்டு வாங்குகிறவர் நீராவியைப் பார்க்கத்தான் வருகிறார். ஆனால் அந்த நீராவி ரயில் நேரத்துக்குப் புறப்படுவதற்குப் பின்னால் டீசலின் உழைப்பு இருக்கிறது. ஆறிய கொதிகலனில் தீ மூட்டி ஓட்டும் அளவுக்கு அழுத்தம் ஏற்றப் பல மணி நேரம் ஆகும். அவசரப்படுத்தினால் தகடுகள் சீரற்று விரிந்து கொதிகலனே கெடும். ஒரு பெட்டியை ஷெட்டிலிருந்து வெளியே தள்ளவோ, பராமரிப்புக்கான ஜல்லி வேகனை நகர்த்தவோ, நடுவழியில் நின்றுவிட்ட நீராவி லோகோவை இழுத்து வரவோ டீசல் சில நிமிடங்களில் தயாராகிவிடும், ஒருவரே ஓட்டலாம். தன்னார்வலர்களின் நேரமும் நிலக்கரிப் பணமும் அளவோடு கிடைக்கும் இடத்தில் இது பெரிய விஷயம்.

கேட்டவர் குன்னூர்க்காரர் என்பதால் இன்னொன்று: பிளென்கின்சாப் பற்களை ஒரு தண்டவாளத்தின் வெளிப்பக்கத்தில் வைத்தார். நீலகிரியில் இருப்பது, இரு தண்டவாளங்களுக்கும் நடுவே இரட்டைப் பற்சட்டம் பதித்த ஆப்ட் முறை. மிடில்டனில் பற்கள் தேவைப்பட்டது முக்கியமாக இலேசான லோகோவைக் கொண்டு கனத்த சுமையை இழுக்க. நீலகிரியில் செங்குத்தான ஏற்றத்துக்காக.

கேள்வி (சேலம்): இருபது டன் எடையுள்ள பொருளை எப்படிக் கொண்டு வருகிறார்கள்? தண்டவாளத்திலேயே ஓட்டி வரலாமே?

பதில்: பொதுப் பாதையில் ஓட அவற்றுக்கு அனுமதியும் இல்லை, வேகமும் இல்லை, பல லோகோக்கள் மணிக்குப் பத்து மைலுக்குள் ஓடக் கட்டப்பட்டவை. எனவே, தாழ்தளமுள்ள நீண்ட டிரெய்லர் லாரியில் வருகின்றன. லாரியின் பின்புறத்திலிருந்து தண்டவாளம் வரை சரிவுப் பாதை அமைத்து, வின்ச் கம்பியால் அங்குலம் அங்குலமாக இறக்குவார்கள். கிரேன் தேவைப்படுவதும் உண்டு. இறக்குவதற்கு முன் கியர் நியூட்ரலில் இருக்கிறதா, சக்கரங்கள் தடையின்றிச் சுழல்கின்றனவா என்று உறுதி செய்வது இன்றியமையாதது. பழைய தொழிற்சாலையின் தண்டவாளம் பிடுங்கப்பட்டுவிட்டால் லோகோவை ஏற்றுவதுதான் உண்மையான தலைவலி, இறக்குவது எளிது.

கேள்வி (கோவை, ஓய்வுபெற்ற டீசல் மெக்கானிக்): பல்லாண்டு ஷெட்டில் நின்ற இன்ஜினை முதன்முதலாக ஸ்டார்ட் செய்யுமுன் எதைப் பார்க்க வேண்டும்? நீங்கள் பார்க்கும் வரிசையை விளக்கமாகச் சொல்லுங்கள்.

பதில்: இந்தத் தொடரில் நான் மிகவும் எதிர்பார்த்த கேள்வி இது, ஏனெனில் வந்த அன்றே ஸ்டார்ட் செய்து பார்க்கும் ஆசையில் கெட்டுப்போன நல்ல இன்ஜின்கள் ஏராளம்.

முதலில் புகைக்குழாய். மூடி இல்லாமல் வானம் பார்த்து நின்ற குழாய் வழியே மழைநீர் இறங்கி, திறந்திருக்கும் வால்வைத் தாண்டி சிலிண்டரில் தேங்கியிருக்கலாம். நீரை அழுத்திச் சுருக்க முடியாது என்பதால், அந்த நிலையில் ஸ்டார்ட்டர் ஒரு சுற்றுச் சுற்றினாலும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஆகையால் இன்ஜெக்டர்களைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிது எண்ணெய் விட்டு ஊறவைத்து, பிளைவீலில் கடப்பாரையால் நெம்பிக் கையாலேயே இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும். எங்கேயாவது இறுகினால் அங்கேயே நிறுத்திக் காரணத்தைத் தேடுங்கள், பலத்தைக் கூட்டாதீர்கள்.

அடுத்தது குளிர்நீர். பிரிட்டனின் குளிர்காலத்தில், வடிக்காமல் விட்ட நீர் உறைந்து விரிந்து சிலிண்டர் பிளாக்கைப் பிளந்துவிடும். விரிசல் வெளியே தெரிவதும் உண்டு, உள்ளே ஒளிந்திருப்பதும் உண்டு. சம்ப்பின் (இன்ஜினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டி) வடிதிருகைத் திறந்தால் முதலில் தெளிந்த நீர் வருகிறதா, எண்ணெய் பால்போல் வெளுத்திருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் ரேடியேட்டரில் நீர் நிரப்பி ஒரு நாள் காத்திருந்து, மீண்டும் சம்ப்பைப் பாருங்கள்.

மூன்றாவதுதான் உயிருக்கு ஆபத்தானது. இன்ஜெக்ஷன் பம்ப்பில் எரிபொருளின் அளவைக் கூட்டிக் குறைக்கும் ராக் என்ற சட்டம், பழைய டீசல் கோந்தாகிப் பிடித்துக்கொண்டு, முழுத் திறப்பில் நின்றுவிட்டிருக்கலாம். அந்த நிலையில் இன்ஜின் பற்றிக்கொண்டால் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னருக்குக் கட்டுப்படாமல் வேகம் ஏறிச் சிதறும். ராக் விரலால் தள்ளினாலே தங்குதடையின்றி முன்னும் பின்னும் நகர வேண்டும். அப்படி நகர்ந்தாலும்கூட, முதல் ஸ்டார்ட்டின்போது ஒருவர் காற்று உள்ளிழுக்கும் வாயருகே கனமான தகட்டோடு நின்று, தேவைப்பட்டால் அதை அடைக்கத் தயாராக இருக்க வேண்டும். சாக்குத் துணி உள்ளே இழுபட்டுவிடும், அதை நம்பாதீர்கள்.

எரிபொருள் தொட்டியின் அடியில் நீரும் கறுத்த சகதியும் தேங்கியிருக்கும். தொட்டியைக் கழுவாமல் புது டீசல் ஊற்றினால் அந்தச் சகதி பம்ப்புக்குப் போகும். காற்றழுத்தத்தால் ஸ்டார்ட் ஆகும் லோகோக்களில் காற்றுக் கலன் ஓர் அழுத்தக் கலன் என்பதை மறக்கக் கூடாது. உரிய பரிசோதனைச் சான்று இல்லாமல் அதில் காற்று ஏற்றவே கூடாது. புகைக்குழாயைச் சுற்றிய பழைய வெண்ணிறச் சுற்று ஆஸ்பெஸ்டாஸாக இருக்க வாய்ப்பு அதிகம். பரிசோதனை முடிவு வரும்வரை அதைக் கிள்ளிக்கூடப் பார்க்காதீர்கள்.

கேள்வி (மதுரை): இவற்றில் சிலவற்றில் சக்கரங்களை இணைக்கும் ராடு இல்லையே. எப்படி ஓடுகின்றன?

பதில்: செயினால். லிங்கனில் இருந்த ரஸ்டன் அண்டு ஹார்ன்ஸ்பி நிறுவனத்தின் 48டிஎஸ், 88டிஎஸ் வகைகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு; எண் குதிரைத்திறனைக் குறிக்கிறது. கியர்பாக்ஸிலிருந்து கனத்த ரோலர் செயின்கள் அச்சுகளுக்குச் செல்கின்றன. செலவு குறைவு, பழுதுபார்ப்பு எளிது, குவாரியின் கோணல்மாணலான தண்டவாளத்தையும் தாங்கும். செயினின் தொய்வை மட்டும் அவ்வப்போது பார்த்துச் சரிசெய்ய வேண்டும். இந்த நிறுவனத்தின் மூதாதையான இங்கிலாந்தின் கிரான்தம் நகரத்து ஹார்ன்ஸ்பி, 1896-இலேயே லண்டனின் உல்லிச் படைக்கலச் சாலைக்கு எண்ணெய் இன்ஜின் லோகோ ஒன்றைக் கட்டிக் கொடுத்தது.

கேள்வி (லண்டன்வாழ் வாசகி): எங்கள் ஊரருகே உள்ள பாரம்பரிய ரயில்வேயில் இப்படி ஒரு லோகோவை அழகாகப் புதுப்பித்தும் பயணிகள் ரயிலை இழுக்க விடவில்லை. ஏன்?

பதில்: பெரும்பாலும் பிரேக்தான் காரணம். தொழிற்சாலைக்குள் ஓடிய லோகோக்கள் பலவற்றில் தன்னை மட்டும் நிறுத்திக்கொள்ளும் பிரேக்கே உண்டு. பயணிகள் ரயிலுக்கோ, எல்லாப் பெட்டிகளிலும் ஒருசேர இயங்குவதும், பெட்டிகள் அறுந்தால் தானாகவே பிடித்துக்கொள்வதுமான தொடர் பிரேக் தேவை. 1889 ஜூன் 12 அன்று அயர்லாந்தின் ஆர்மா அருகே, ஏற்றத்தில் பிரித்து விடப்பட்ட பெட்டிகள் பின்னோக்கி உருண்டு அடுத்த ரயிலோடு மோதியதில் சுமார் 80 பேர் இறந்தனர். அவர்களில் பலர் ஞாயிறு பள்ளிச் சுற்றுலா சென்ற குழந்தைகள். அந்த ஆண்டே இந்தப் பிரேக்கைக் கட்டாயமாக்கிச் சட்டம் வந்தது. வெற்றிடத்தால் இயங்கும் தொடர் பிரேக்கான வேக்கம் பிரேக்குக்குரிய எக்ஸாஸ்டரும் (காற்றை உறிஞ்சும் பம்ப்) குழாய்களும் பொருத்தினால் உங்கள் ஊர் லோகோவும் பயணிகளை இழுக்கலாம். ஆனால் அதன் சக்தி உங்கள் பாதையின் ஏற்றத்துக்குப் போதுமா என்பதையும் கணக்கிட வேண்டும்.

கேள்வி (சென்னை): பிரிட்டிஷ் ரயில்வேயின் கிளாஸ் 14 லோகோக்கள் இத்தனை தப்பியது எப்படி?

பதில்: தொழிற்சாலைகள் வாங்கியதால்தான். கிளாஸ் 14 என்பது சிறு சரக்கு வேலைக்கான டீசல் லோகோ வகை; 1964, 65-இல் ஸ்விண்டனில் 56 கட்டினார்கள். 650 குதிரைத்திறன் கொண்ட பேக்ஸ்மன் இன்ஜின். அவற்றுக்கென்று நினைத்திருந்த சிறு சரக்குப் போக்குவரத்து அதற்குள் சாலைக்குப் போய்விட்டதால், 1969-க்குள் பிரிட்டிஷ் ரயில்வே அனைத்தையும் கழித்துவிட்டது. புத்தம் புதியதுபோல் இருந்தவற்றை நிலக்கரி வாரியமும் கார்பியின் எஃகு ஆலையும் வாங்கி நெடுநாள் உழைக்க வைத்தன. அதனாலேயே மூன்றில் ஒரு பங்கு பாரம்பரிய ரயில்பாதைகளை வந்தடைந்தது.

கேள்வி (அதே வாசகர்): அப்படியானால் அவற்றுக்கு ரயில்வேயின் பச்சை நிறம் அடிப்பதா, ஆலையின் நிறம் அடிப்பதா?

பதில்: கிளாஸ் 14-க்கு இரண்டும் நியாயமே. ஆனால் பிறந்ததிலிருந்து தொழிற்சாலையை விட்டு வெளியே வராத ஒரு ரஸ்டனுக்குப் பிரிட்டிஷ் ரயில்வேயின் நிறமும் கற்பனை எண்ணும் பூசுவதை நான் ஏற்கவே மாட்டேன். மஞ்சள் கறுப்புக் கோடு போட்ட பஃபர் தட்டும், ஆலைத் தொழிலாளர்கள் கையால் எழுதிய எண்ணும் அந்த லோகோவின் வரலாறு. அவற்றைச் சுரண்டி எறிந்தால் மீட்க முடியாது. பழைய பெயின்ட் அடுக்குகளைச் சிறு சதுரமாகத் தேய்த்துப் பார்த்து, படம் எடுத்து வைத்தபின் தூரிகையைத் தொடுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர், பள்ளி ஆசிரியர்): ஒரு லோகோவின் உண்மையான வயதை எப்படிக் கண்டறிவது?

பதில்: தொழிற்சாலை லோகோவுக்கு அடையாளம் தயாரிப்பாளரின் வரிசை எண். கேபின் பக்கவாட்டில் திருகியிருக்கும் பித்தளைத் தகட்டில் அது இருக்கும். ஆனால் தகடுகள் திருடு போகும், ஒரு லோகோவின் தகடு இன்னொன்றில் ஏறிவிடும். எனவே லோகோவின் அடிச்சட்டத்திலும் அச்சிலும் ராடுகளிலும் தட்டிப் பதித்த எண்களைக் கம்பித் தூரிகையால் துலக்கி, தகட்டோடு ஒப்பிட வேண்டும். பிறகு அந்த ஆலையில் அதை ஓட்டியவர் யாரேனும் உயிரோடு இருந்தால் உடனே தேடிப் போய்ப் பேசுங்கள். எந்தக் கியர் நழுவும், எந்த வளைவில் தடம் புரண்டது என்பதெல்லாம் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது.