ரூல் போட்டும் மெயில் ஒதுங்கவில்லையா? வன்னி அலுவலகங்களின் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்க அலுவலகங்களில் மெயில் பார்ப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ரூல் என்றால், இன்ன மெயில் வந்தால் இன்ன ஃபோல்டருக்குப் போடு என்று முன்கூட்டியே கொடுத்துவைக்கும் கட்டளை; ஜிமெயிலில் அதன் பெயர் ஃபில்டர். பாதிப் பேர் அவுட்லுக், மீதிப் பேர் ஜிமெயில். ஒன்றுக்குச் சொல்வது மற்றதுக்குப் பொருந்தாது. எது என்று கேள்வியிலேயே எழுதியவர்களுக்குப் புண்ணியம்.

கேள்வி (பரந்தன்): அக்கா, அரிசி ஆலை ஒன்றில் வேலை. ஓடர் மெயில்கள் தனி ஃபோல்டருக்குப் போக அவுட்லுக்கில் ரூல் போட்டேன். பகலில் சரியாகப் போகிறது. இரவு போனில் பார்த்தால் எல்லாம் இன்பொக்ஸிலேயே கிடக்கிறது.

பதில்: தம்பி, ரூல் பட்டியலில் அதன் பெயருக்குப் பக்கத்தில் 'கிளையன்ட் ஒன்லி' என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்த ரூல் உங்கள் கொம்பியூட்டரில் அவுட்லுக் திறந்திருக்கும்போது மட்டும்தான் ஓடும். மாலையில் மெஷினை நிறுத்தினாலோ கரண்ட் போனாலோ ரூலும் படுத்துவிடும். மெயில் வந்ததும் சத்தம் போடு, பிரின்ட் எடு என்று சேர்த்திருந்தால் இப்படி ஆகும். நான் அதிகம் காண்பது வேறு: ஃபோல்டர் மெயில்பெட்டிக்குள் இல்லாமல் கொம்பியூட்டரில் அவுட்லுக் மெயில்களைச் சேமித்துவைக்கும் பி.எஸ்.டி. கோப்புக்குள் இருக்கும். மெயில்பெட்டி இருக்கும் சர்வருக்கு உங்கள் ஹார்ட் டிஸ்க் தெரியாது. ஃபோல்டரை மெயில்பெட்டிக்குள் உருவாக்கி ரூலை அதற்குத் திருப்பிவிடுங்கள்.

கேள்வி (முல்லைத்தீவு): அக்கா, நான் கொள்முதல் பார்க்கிறேன். சப்ஜெக்டில் 'கூட்டம்', 'விலைமனு' என்று இருந்தால் ஒதுக்கச் சொல்லி ரூல் போட்டிருக்கிறேன். சிலது மாட்டுகிறது, பலது தப்பிவிடுகிறது.

பதில்: தங்கச்சி, ரூலுக்குத் தமிழ் இலக்கணம் தெரியாது. நீங்கள் 'கூட்டம்' என்று கொடுத்தீர்கள். வந்தது 'கூட்டத்துக்கான அழைப்பு'. 'ம்' போய் 'த்து' வந்ததும் ரூலுக்கு அது வேறு சொல். அவுட்லுக்கில் சொல்லின் ஒரு துண்டும் பொருந்தும், அதனால் 'கூட்ட' என்று மட்டும் கொடுங்கள், இரண்டும் மாட்டும். 'கூட்டறிக்கை'யும் சேர்ந்து வரும், அது பரவாயில்லை. ஜிமெயில் முழுச் சொல்லாகத்தான் தேடும். 'விலைமனு' கொடுத்தால் 'விலைமனுக்கள்' தப்பும். அங்கே ஒவ்வொரு வடிவத்தையும் எழுதி, இடையில் 'ஓஆர்' என்பதை ஆங்கிலப் பெரிய எழுத்தில் போட வேண்டும்.

அப்புறம் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. நம் பக்கத்தில் இன்னும் பலர் பாமினியில் தட்டி, அப்படியே சப்ஜெக்டில் ஒட்டுகிறார்கள். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்தும் குறிகளும்தான். இப்போது எங்கும் புழங்கும் யுனிகோட் முறையில் நீங்கள் கொடுத்த சொல் அதில் எந்தக் காலத்திலும் அகப்படாது. கொழும்பிலிருந்து வருவது சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கும், அதுவும் தப்பும். என்னைக் கேட்டால் சொல்லை நம்பாதீர்கள், அனுப்புநர் முகவரியை வைத்து ரூல் போடுங்கள். புதிய வழங்குநர்களுக்கு, உங்கள் மெயில் முகவரியில் அட் குறிக்கு முன்னால் கூட்டல் குறியும் ஒரு சொல்லும் சேர்த்துக் கொடுங்கள். ஜிமெயிலில் அது உங்கள் பெட்டிக்கே வந்துசேரும். அலுவலகங்களுக்கு அவுட்லுக் மெயில் தரும் மைக்ரோசொஃப்ட் 365-இலும் உங்கள் ஐ.டி. ஆள் நிறுத்தி வைக்காவிட்டால் வரும். 'டு' என்ற இடத்தில் அந்த முகவரி இருந்தால் ஒதுக்கு என்று ஒரே ரூல் போதும்.

கேள்வி (மல்லாவி): பிள்ளை, ஒரே மெயில் இரண்டு ஃபோல்டரில் கிடக்கிறது. அவுட்லுக் பைத்தியமா, நானா?

பதில்: இரண்டு பேரும் இல்லை ஐயா. இரண்டு ரூலுக்கு அந்த மெயில் பொருந்தியிருக்கிறது. ரூல்கள் மேலிருந்து கீழாக ஓடும். முக்கியமானதை மேலே தூக்கி, அதில் 'ஸ்டொப் ப்ரொசெசிங் மோர் ரூல்ஸ்' என்ற பெட்டியில் சரி போடுங்கள்.

கேள்வி (வவுனியா): தொண்டு நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவு. ஒரு வழங்குநர் பல முறை பதில் அனுப்பியதாகச் சொல்கிறார், எங்களுக்கு ஒன்றும் வரவில்லை. தேடினால் 'ஆர்எஸ்எஸ் ஃபீட்ஸ்' ஃபோல்டரில், வாசித்ததாகக் குறியிட்டுக் கிடக்கிறது. ரூல் பட்டியலில் வெறும் புள்ளி ஒன்றைப் பெயராக வைத்த ரூல் இருக்கிறது. நாங்கள் யாரும் போடவில்லை.

பதில்: இந்தக் கேள்வியைப் படித்ததும் மற்றதை எல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டேன். யாரோ உங்கள் பாஸ்வேர்டோடு உள்ளே வந்திருக்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். யாரும் திறந்து பார்க்காத ஃபோல்டருக்குப் பதில்களைத் தள்ளி, நடுவில் நின்று 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது' என்று இரு பக்கமும் எழுதுவது இவர்களின் வழக்கமான வேலை. பாஸ்வேர்டை மாற்றினால் போதாது, அந்த ரூல் அங்கேயே இருக்கும். முதலில் ரூலைப் படம் எடுத்துவைத்துவிட்டு அழியுங்கள். மெயிலை வேறு முகவரிக்குத் தானாக அனுப்பும் ஃபோர்வேர்டிங்கில் தெரியாத முகவரி இருக்கிறதா பாருங்கள். பாஸ்வேர்டை மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்றி, பாஸ்வேர்டோடு இன்னொரு உறுதிப்படுத்தலும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பைப் போடுங்கள். வழங்குநருக்கு மெயில் எழுத வேண்டாம். பழைய பில்லில் உள்ள இலக்கத்துக்குப் போன் எடுங்கள். காசு போயிருந்தால் இன்றைக்கே வங்கிக்குச் சொல்லுங்கள், இணையப் பாதுகாப்பைப் பார்க்கும் இலங்கை சேர்ட் நிறுவனத்துக்கும் அறிவியுங்கள். அலுவலகத்தில் மற்றவர்களின் ரூல் பட்டியலையும் பார்க்கச் சொல்லுங்கள், இப்படி நுழைபவர்களில் ஒரு மெயில்பெட்டியோடு நிற்பவர்கள் குறைவு.

கேள்வி (மாங்குளம்): ஒபிஸ் மெயில் எல்லாம் என் ஜிமெயிலுக்குத் தானாகப் போக ரூல் போட்டேன். ஒன்றும் வரவில்லை, 5.7.520 என்று ஏதோ திரும்பி வருகிறது.

பதில்: வெளி முகவரிக்குத் தானாக அனுப்புவதை மைக்ரோசொஃப்ட் 365 வழமையாகவே தடுத்துவைக்கும். மேலே வவுனியாவின் கேள்வியைப் படித்தால் ஏன் என்று தெரியும். ஒபிஸ் மெயிலைப் பார்க்கப் போனில் அவுட்லுக் செயலியைப் போடுங்கள்.

கேள்வி (புதுக்குடியிருப்பு): விளம்பர மெயில்களை அழிக்க ஜிமெயிலில் ஃபில்டர் போட்டேன், வேண்டிய மெயிலும் போய்விட்டது. பழைய விளம்பரம் மட்டும் அப்படியே இருக்கிறது!

பதில்: அழிந்த மெயில் 'பின்' என்ற குப்பைத்தொட்டியில் 30 நாட்கள் வரை கிடக்கும், இப்போதே போய் எடுங்கள். பிறகு அந்த ஃபில்டரில் 'டிலீட்' என்பதை எடுத்துவிட்டு, இன்பொக்ஸைத் தவிர்த்து ஒரு லேபல் போடச் சொல்லுங்கள். கொஞ்ச நாள் அந்த லேபலுக்குள் எட்டிப் பார்த்தால் எது தவறி விழுகிறது என்று தெரியும். பழையது அசையாததற்குக் காரணம், ஃபில்டர் இனி வருவதைத்தான் தொடும். சேமிக்கும்போது கீழே, பொருந்தும் பழைய மெயில்களுக்கும் போடவா என்று ஒரு பெட்டி கேட்கும். அதில் சரி போட்டால் அவையும் நகரும்.